கை கழுவுவதும் கைகொடுப்பதும்

"பணம் கேட்டுப் போனேன். அவர் கையை விரித்துவிட்டார்."

இப்படி ஒருவர் சொன்னால் என்ன புரிகிறது? அவர் கையை நீட்டி விரல்களை விரித்துக் காட்டினார் என்றா புரிகிறது? இல்லை. "பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்" என்று புரிகிறது.

கை என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். விரிப்பது என்பதும் தெரிந்த சொல்தான். இரண்டும் சேர்ந்தவுடன் புதிதாக ஒரு பொருள் வந்துவிட்டது. அந்தப் பொருள் கையிலும் இல்லை, விரிப்பதிலும் இல்லை.

இன்னொரு வாக்கியத்தைப் பாருங்கள். "குழந்தை கையை விரித்துச் சிரித்தது." இங்கே குழந்தை உண்மையாகவே கையை விரிக்கிறது. சொல் அதேதான். ஆனால் இடம் வேறு, அதனால் பொருளும் வேறு.

இப்படிச் சில சொற்கள் ஒன்றாகச் சேர்ந்து, தங்கள் நேரான பொருளை விட்டு, வேறு பொருள் தருவது உண்டு. அந்தத் தொடருக்கு மரபுத்தொடர் என்று பெயர். மரபு என்றால் வழிவழியாக வந்த முறை. முன்னோர் சொன்னபடியே பின்வந்தவர்களும் சொல்கிறார்கள். அதனால் இந்தப் பெயர்.

பழமொழியும் மரபுத்தொடரும்

பழமொழி வேறு, மரபுத்தொடர் வேறு. "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது பழமொழி. அது முழுக் கருத்தையும் தானே சொல்லிவிடுகிறது. யார் சொன்னாலும், எப்போது சொன்னாலும் அது மாறாது.

மரபுத்தொடர் அப்படித் தனியாக நிற்காது. பேச்சுக்குள் கலந்து வரும். ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். கையை விரித்தான், கையை விரிப்பாள், கையை விரிக்காதே என்று பல வடிவம் எடுக்கும்.

ஆனால் ஒன்று. அதில் உள்ள சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை வைக்க முடியாது. "எனக்கே காது குத்துகிறாயா?" என்றால் "என்னையே ஏமாற்றப் பார்க்கிறாயா?" என்று பொருள். காது என்றாலும் செவி என்றாலும் ஒன்றுதான். ஆனாலும் "எனக்கே செவி குத்துகிறாயா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் எதிரே நிற்பவர் சிரிப்பார்.

"வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காது குத்துகிறோம்" என்றால் அது விசேஷம். எல்லோரும் போகலாம். "எனக்கே காது குத்துகிறாயா?" என்றால் அது கோபம். கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.

இவற்றை யார் உண்டாக்கினார்கள்?

மரபுத்தொடர்களைப் பெரிய படிப்பாளிகள் மட்டும் உட்கார்ந்து எழுதவில்லை. பெரும்பாலானவை வயலிலும் தெருவிலும் அடுப்படியிலும் பிறந்தவை. எதைத் தினமும் பார்த்தார்களோ, எதைத் தினமும் தொட்டு வேலை செய்தார்களோ, அதை வைத்தே மக்கள் பேசினார்கள்.

உழவு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பயிருக்கு நடுவே வளரும் களையைப் பிடுங்குவது களையெடுப்பு. "சங்கத்தில் ஊழல் செய்கிறவர்களைக் களையெடுக்க வேண்டும்" என்றால் அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று பொருள். விதை போடுவது வித்திடுவது. இந்தியாவில் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் கேரளத்தில் உள்ள எர்ணாகுளம். இது 1990 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்து வேறு பல மாவட்டங்களிலும் இந்த வேலை நடந்தது. இதைச் சொல்லும்போது "மாவட்டம் முழுவதற்கும் எழுத்தறிவு என்ற முயற்சிக்கு எர்ணாகுளம் வித்திட்டது" என்று எழுதலாம். அதாவது தொடக்கமாக இருந்தது.

மாட்டைப் பாருங்கள். "மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வா" என்றால் மாட்டைத் தண்ணீர் குடிக்க வை என்று பொருள். "திருடன் ஊர்க்காரர்களுக்குத் தண்ணி காட்டிவிட்டான்" என்றால் அவன் பிடிபடாமல் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். மாட்டை அடக்கப் போடுவது மூக்கணாங்கயிறு. ஊர் சுற்றும் பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்தால் "மூக்கணாங்கயிறு போட்டாச்சு" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள்.

தேர் ஓடும்போது சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பார்கள். தேரை நிறுத்தவும் திருப்பவும் அது உதவும். அது முட்டுக்கட்டை. "நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே" என்றால் தடுக்காதே என்று பொருள்.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் கட்டுவார். செங்கல் வரிசை கோணாமல் இருக்க அதுதான் வழி. எது நேராக இருந்தாலும் "நூல் பிடித்தாற்போல் இருக்கிறது" என்கிறார்கள்.

சாப்பாட்டு இலையும் சும்மா விடவில்லை. சோற்றை நடுவில் குழித்துக் கரை கட்டிக் குழம்பை நிறைய ஊற்றிக்கொள்கிறவரைப் பார்த்து "பாத்தி கட்டிச் சாப்பிடுகிறார்" என்பார்கள். வயலில் தண்ணீர் தேங்கக் கட்டும் பாத்தி இலைக்கு வந்துவிட்டது.

1951 ஆம் ஆண்டு இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அப்போது 100 பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மற்ற 82 பேருக்குத் தெரியாது. 2011 ஆம் ஆண்டு எடுத்த கணக்கில் 100 பேரில் 73 பேர் எழுத்தறிவு பெற்றிருந்தார்கள். அந்த 82 பேரும் மொழி தெரியாதவர்களா? இல்லை. எழுத்துத்தான் தெரியாது. உழுதவர்களும் நெய்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும் சமைத்தவர்களும் பேசிப் பேசி வளர்த்த மொழிதான் இன்று புத்தகத்தில் இருக்கிறது. புதிதாக எழுத்துக் கற்றவர், மொழிக்குப் புதியவர் அல்லர்.

ஒரு கையில் எத்தனை பொருள்!

உடம்பின் உறுப்புகளை வைத்து ஏராளமான மரபுத்தொடர்கள் உண்டு. கையை மட்டும் பார்ப்போம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கைகொடுத்தல் என்றால் உதவுதல்.
"வெள்ளம் வந்தபோது பக்கத்து ஊர்க்காரர்கள் கைகொடுத்தார்கள்."

கைவிடுதல் என்றால் ஆதரவு இல்லாமல் விட்டுவிடுதல்.
"வயதான பெற்றோரைக் கைவிடக் கூடாது என்று 2007 ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது."

கைகூடுதல் என்றால் நினைத்தது நடத்தல்.
"பல வருட முயற்சிக்குப் பிறகு ஊருக்குப் பாலம் கைகூடியது."

கை நீட்டுதல் என்றால் பிறரிடம் கேட்டு வாங்குதல். அடித்தல் என்றும் பொருள் உண்டு.
"யாரிடமும் கை நீட்டாமல் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள்."
"மனைவி மேல் கை நீட்டுவது வீட்டு விஷயம் அல்ல. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருகிறது."

கையும் களவுமாக என்றால் குற்றம் செய்யும் நேரத்திலேயே.
"லஞ்சம் வாங்கியவர் கையும் களவுமாகப் பிடிபட்டார்."

கை ஓங்குதல் என்றால் பலம் கூடுதல்.
"இரண்டாம் பாதி ஆட்டத்தில் நம் ஊர் அணியின் கை ஓங்கியது."

கை கழுவுதல் என்றால் பொறுப்பை விட்டு விலகுதல்.
"கடன் வாங்கும்போது கூட நின்றவர், கட்டும்போது கை கழுவிவிட்டார்."

கை இப்படி என்றால் கண், வாய், தலை, வயிறு, கால் எல்லாம் சேர்ந்தால் எத்தனை வரும்! ஒன்றைக்கூடப் பள்ளிக்கூடம் போய்க் கற்க வேண்டியதில்லை. வீட்டில் பேசும்போதே எல்லோரும் கற்றுவிடுகிறார்கள்.

ஊர் ஊராக வேகாத பருப்பு

"உன் பருப்பு இங்கே வேகாது" என்று தமிழில் சொல்கிறோம். உன் தந்திரம் இங்கே பலிக்காது என்று பொருள்.

இந்தப் பருப்பு தமிழ்நாட்டில் மட்டும் வேகாமல் இல்லை. தெலுங்கில் "நீ பப்புலு உடகவு" என்பார்கள். கன்னடத்தில் "நின்ன பேளெ பேயல்ல" என்பார்கள். மலையாளத்தில் பரிப்பு வேவில்லை. மராத்தியில் டாள் வேகாது. இந்தியில் "தால் நஹீன் கலேகீ" என்பார்கள். ஆறு மொழியிலும் பருப்புத்தான். ஆறு மொழியிலும் அது வேகவில்லை. ஆறு மொழியிலும் ஏறக்குறைய ஒரே பொருள்.

சமைக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுண்ணாம்புச் சத்து அதிகமாக உள்ள தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. அந்தச் சத்து பருப்பை இளக விடாமல் இறுக்கிப் பிடிக்கும். ஒரு கிணற்றுத் தண்ணீரில் மலர்ந்து வேகும் பருப்பு, இன்னொரு கிணற்றுத் தண்ணீரில் கல்லாகவே கிடக்கும். எத்தனை விறகு வைத்தாலும் அடுப்புக்குத்தான் கேடு. இந்த அனுபவம் நாடு முழுவதும் உள்ள அடுப்படிகளுக்குப் பொதுவானது.

இன்னொன்று இருக்கிறது. ஒருவருடைய பிழைப்பைக் கெடுப்பதைத் தமிழில் "வயிற்றில் அடிப்பது" என்கிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் வயிற்றில்தான் அடிக்கிறார்கள். இந்தியில் வயிற்றில் உதைக்கிறார்கள். மராத்தியில் வயிற்றின் மேல் காலை வைக்கிறார்கள். பசி எந்த மொழியிலும் ஒன்றுதான். அதனால் சொல்லும் ஒன்றுபோலவே இருக்கிறது.

ஆனால் எல்லாம் இப்படி ஒத்துப்போவதில்லை. கடனை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டவனைத் தமிழில் "கம்பி நீட்டிவிட்டான்" என்கிறோம். இந்தியில் "ஒன்பதும் இரண்டும் பதினொன்று ஆகிவிட்டான்" என்கிறார்கள். தமிழர் அதைக் கேட்டால் கணக்குப் போடுகிறார் என்று நினைப்பார். இந்திக்காரர் தமிழைக் கேட்டால் கம்பி எங்கே என்று தேடுவார்.

சில தொடர்கள் பார்க்க ஒன்றாக இருக்கும். பொருளில் மாறிவிடும். தமிழில் "வேலையைக் கை கழுவினான்" என்றால் அவனே அதை விட்டு விலகினான் என்று பொருள். இந்தியில் "வேலையிலிருந்து கை கழுவினான்" என்பதுபோல் ஒரு தொடர் உண்டு. அதற்கு வேலையை இழந்துவிட்டான் என்று பொருள். ஒருவர் தானாக விட்டார். மற்றவர் பறிகொடுத்தார். கை கழுவும் தண்ணீர் ஒன்றுதான், கதை வேறு.

புரியாத சொல் உயிருக்கே ஆபத்து

இது வெறும் வேடிக்கை அல்ல. இன்று பிழைப்புக்காக மக்கள் மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள். மும்பை தாராவியில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். திருப்பூர் பனியன் ஆலைகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்காள மாநிலத்தவர்கள் வேலை செய்கிறார்கள். வந்த சில மாதங்களில் வேலைக்கு வேண்டிய தமிழை அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் மரபுத்தொடர் சீக்கிரம் பிடிபடாது.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு மின்சார வயர் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அதைத் தொட்டால் ஆள் காலி" என்று மேஸ்திரி சொல்கிறார். தமிழர்களுக்குப் புரியும். தொட்டால் செத்துப்போவாய் என்று பொருள். இந்தி பேசுகிறவருக்கும் காலி என்ற சொல் தெரியும். ஆனால் அங்கே அதற்கு வெறுமை, ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். அந்த வயரில் ஒன்றும் இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

"இதில் கரண்ட் இருக்கிறது. தொடாதே" என்று சொன்னால் போதும். ஆபத்தான இடத்தில் நேரான சொல்தான் காப்பாற்றும்.

ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். "விலையைக் கேட்டதும் தலை சுற்றியது" என்று சந்தையில் சொல்லலாம். அது அதிர்ச்சியைக் குறிக்கும். டாக்டரிடம் "தலை சுற்றுகிறது" என்றால் அது நோய். "நெஞ்சை அடைக்கிறது" என்று துக்கத்தில் சொல்வார்கள். உண்மையான நெஞ்சு வலிக்கும் அதே சொல்லைச் சொல்வார்கள். கேட்கிறவர் துக்கம் என்று நினைத்துவிடக் கூடாது.

பெண்கள் பல விஷயங்களை மறைத்துச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். "முழுகாமல் இருக்கிறாள்" என்றால் கர்ப்பமாக இருக்கிறாள். "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்றால் மாதவிலக்கு வரவில்லை. ஊர் நர்சுக்கு இது புரியும். வெளியூரிலிருந்து வந்த டாக்டருக்குப் புரியாமல் போகலாம். அதனால் டாக்டரிடம் வெட்கப்படாமல் நேராகச் சொல்ல வேண்டும். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, எத்தனை முறை போனது, கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்று சொன்னால் சரியான மருந்து கிடைக்கும்.

பணமும் மனுவும்

பணம் கொடுக்கும் வாங்கும் இடத்தில் மரபுத்தொடர் வழுக்கிவிடும். "கையில் காசு புரளும்போது தந்துவிடுகிறேன்" என்பார்கள். எப்போது புரளும்? சொன்னவருக்கே தெரியாது. "கூடக் குறைய இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். எவ்வளவு கூட, எவ்வளவு குறைய? சண்டை அங்கேதான் தொடங்கும்.

புரோநோட்டு, காசோலை ஆகியவற்றுக்கு 1881 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அது இன்றும் நடப்பில் இருக்கிறது. புரோநோட்டில் தொகை உறுதியாக இருக்க வேண்டும். தருகிறேன் என்ற வாக்கில் நிபந்தனை இருக்கக் கூடாது. இதற்குச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறது. "இன்னாரோடு என் கல்யாணம் நடந்து ஏழு நாள் கழித்து 500 ரூபாய் தருகிறேன்" என்று எழுதினால் அது புரோநோட்டு ஆகாது. கல்யாணம் நடக்காமலே போகலாம் அல்லவா?

அதே சட்டத்தில் இன்னொரு முக்கியமான செய்தி உண்டு. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம். இரண்டும் வேறு வேறாக இருந்தால் எது செல்லும்? எழுத்தால் எழுதியதுதான் செல்லும். எண்ணில் 5,000 என்று போட்டு, எழுத்தில் ஐம்பதாயிரம் என்று எழுதியிருந்தால், தொகை ஐம்பதாயிரம்தான். அதனால் கையெழுத்துப் போடும் முன்பு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எழுத்தையும் கூட்டிப் படிக்க வேண்டும். எழுத்துக் கற்றதன் பலன் இங்கே நேராகக் கைக்கு வருகிறது.

மனு எழுதும்போதும் இதை நினைவில் வையுங்கள். "ரேஷன் கடையில் எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று எழுதலாம். மனம் உருகும். ஆனால் அதிகாரி எதை விசாரிப்பார்? "இந்த மாதம் 5 ஆம் தேதி 20 கிலோ அரிசி தர வேண்டிய இடத்தில் 15 கிலோதான் தந்தார்கள். ரசீதில் 20 கிலோ என்று இருக்கிறது" என்று எழுதுங்கள். இப்போது அவர் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். கூட்டத்தில் பேசும்போது வயிற்றில் அடிப்பதைச் சொல்லுங்கள். மனுவில் கிலோவைச் சொல்லுங்கள்.

செய்தித்தாளைப் படிக்கும்போது

புதிதாகப் படிக்கிறவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறார்கள். செய்தித்தாளின் தலைப்பில் அது போதாது. இந்தத் தலைப்புகளைப் போலப் பல வரும்.

"புதிய ரயில் பாதைக்குப் பச்சைக்கொடி"
"வெங்காய விலை விண்ணைத் தொட்டது"
"ஆலைத் தொழிலாளர்கள் போர்க்கொடி"
"சீட்டுப் பணத்துடன் கம்பி நீட்டியவர் கம்பி எண்ணுகிறார்"

முதல் தலைப்பில் யாரும் கொடி காட்டவில்லை. ரயில் புறப்பட கார்டு பச்சைக்கொடி காட்டுவார். அதிலிருந்து, சம்மதம் தருவதையே பச்சைக்கொடி என்று எழுதத் தொடங்கினார்கள். இரண்டாவதில் விலை மிகவும் ஏறிவிட்டது. மூன்றாவதில் எதிர்த்துப் போராடுகிறார்கள். நான்காவதில் ஒரே கம்பி இரண்டு வேலை செய்கிறது. கம்பி நீட்டினார் என்றால் ஓடிப்போனார். கம்பி எண்ணுகிறார் என்றால் சிறையில் இருக்கிறார்.

ஒரு தலைப்பு புரியவில்லை என்றால் "எனக்குப் படிக்க வரவில்லை" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். அந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தது காதுக்குப் பழகியதாக இருக்கும். முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படித்தால் பொருள் விளங்கும். பிறகும் விளங்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். படித்தவர்களும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

விட்டுவிட வேண்டிய சொற்கள்

எல்லா மரபுத்தொடரும் நல்லது அல்ல. சில தொடர்கள் மனிதரைப் புண்படுத்தும். "பொம்பளை மாதிரி அழாதே" என்கிறார்கள். பெண் என்றால் கோழை என்று அது சொல்கிறது. "நொண்டிச் சாக்கு" என்கிறார்கள். கால் ஊனமான ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? "பொய்ச் சாக்கு" என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது, பொருளும் குறையாது.

சாதியை வைத்துச் சொல்லும் வசவுகளும் அப்படித்தான். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிறர் முன்னிலையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். அதற்கு 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெண்களைப் பற்றிய தவறான சொற்களைத் தீர்ப்புகளில் எழுதாமல் இருக்க, 2023 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு கையேடு வெளியிட்டது. எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல்லை எழுதலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. நீதிபதிகளே சொல்லைத் திருத்திக்கொள்ளும்போது மற்றவர்கள் திருத்திக்கொள்வதில் வெட்கம் இல்லை.

"கைநாட்டு" என்ற சொல்லையும் இங்கே நினைக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரலில் மை தடவி ரேகை வைப்பதுதான் கைநாட்டு. அது ஒரு செயலின் பெயர். ஆனால் "அவன் ஒரு கைநாட்டு" என்று ஆளையே அப்படிச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். அறிவில்லாதவன் என்ற பொருளை அதற்குள் திணித்துவிட்டார்கள்.

இந்தக் கேலியில் உண்மை இல்லை. பெயர் எழுதத் தெரியாதவர் வைக்கும் அடையாளமும் கையொப்பம்தான் என்று 1897 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அது இன்றும் செல்லும். ஆதார் அட்டைக்காகப் பெரிய படிப்புப் படித்தவர்களும் கருவியில் விரலை வைக்கிறார்கள். ரேகை வைப்பது கேவலம் என்றால் எல்லோருக்கும் கேவலம்தான். எழுதக் கிடைக்காத வாய்ப்பு ஒருவருடைய குற்றம் ஆகாது. வாய்ப்புக் கிடைத்ததும் வயது பாராமல் வந்து கற்றுக்கொண்டவரைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

பயிற்சி

1. கீழே உள்ள வாக்கியங்களைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரான சொல்லில் பொருள் சொல்லுங்கள்.

மழை வெளுத்து வாங்கியது.
அண்ணன் தம்பியை ஓரம் கட்டிவிட்டார்கள்.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தாள்.
அவன் நன்றாகக் கயிறு திரிப்பான்.
பள்ளிக்கூடம் தொடங்கும் முயற்சியில் அவர் அச்சாணியாக இருந்தார்.

2. "தலை முழுகுதல்" என்ற தொடருக்கு இரண்டு பொருள் உண்டு. இரண்டுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதுங்கள்.

3. "எங்கள் தெருவில் தண்ணீருக்கு நாயாய் அலைகிறோம்." இதை ஊராட்சித் தலைவருக்கு மனுவாக எழுதுங்கள். எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

4. உங்கள் ஊரில் பிறர் மனத்தைப் புண்படுத்தும் தொடர்கள் எவை? அவற்றுக்குப் பதிலாக எதைச் சொல்லலாம்? கூடிப் பேசுங்கள்.

5. உங்கள் ஊரிலும் உங்கள் தொழிலிலும் மட்டும் சொல்லும் தொடர்கள் இருக்கும். வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பத்துத் தொடர்களை நோட்டில் எழுதி வையுங்கள். அவற்றில் சில இதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாதவையாக இருக்கலாம். அவற்றை முதலில் எழுதியது உங்கள் கையாக இருக்கட்டும்.